ஆகஸ்டில் பூக்காத மல்லி

எங்கள் அக்காவுக்கு வருடத்தில் ஒரே பருவம்தான்: ஆகஸ்ட். மற்ற மாதங்களில் புதுச்சேரியில் வெயில் கொளுத்துகிறதா, தெருவில் தண்ணீர் நிற்கிறதா என்பதெல்லாம் அவளுக்குப் போனில் கேட்கும் சேதி. கல்யாணமாகிப் பிரான்சுக்குப் போய் நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. மாமா அங்கே பட்டாளத்தில் இருந்தவர்; எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்போம். முதலில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் மூடினால் வந்தார்கள். பிறகு பேரப்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் மூடினால் வந்தார்கள். அந்த விடுமுறைக்கு அவர்கள் வைத்திருக்கும் பேர் வக்கான்ஸ். நல்லது கெட்டது எதுவானாலும் வக்கான்ஸில்தான் நடந்தாக வேண்டும். என் மனைவி தை மாதத்தில் போய்ச் சேர்ந்தாள். அக்கா ஆகஸ்டில் வந்து அழுதாள்.

முத்தியால்பேட்டையில் ஒரு குறுக்குத் தெருவில் அக்கா வீடு இருந்தது. மாமாவுக்குப் பென்ஷன் வந்ததும் இங்கேயே வந்துவிடுவது என்று கட்டியது. பென்ஷன் வந்தது, மாமாவுக்கு முட்டிவலி வந்தது, பிள்ளைகளுக்கு அங்கேயே வேலை வந்தது. வீட்டுக்குப் பூட்டு வந்தது. மாமா கண்ணை மூடிய பிறகும் பூட்டு அப்படியே இருந்தது. சாவி என்னிடம்.

நான் இரண்டு தெரு தள்ளி, மாடியில் ஒரு போர்ஷனில் வாடகைக்கு இருக்கிறேன். மேட்டுப்பாளையத்தில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவன். பிள்ளை குட்டி கிடையாது. "காலி வீட்டப் பூட்டி வெச்சிக்கினு நீ எதுக்குடா எவனுக்கோ வாடக கட்டற?" என்று ஒவ்வொரு ஆகஸ்டிலும் அக்கா கேட்பாள். அக்கா வீட்டில் ஒண்டிக்கொண்டான் என்று ஒருத்தன் வாயில் வந்துவிடக் கூடாது என்ற வீம்பு எனக்கு. ஆனால் விடிந்தால் அந்த வீட்டுக்குத்தான் போவேன். ஜன்னல்களைத் திறந்துவிட்டு, மோட்டார் போட்டு, பின்பக்கம் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, துவைக்கிற கல்மேல் உட்கார்ந்து பேப்பர் படிப்பேன். எனக்கு நாள் தொடங்குவது அங்கேதான். போகாவிட்டால் எதற்கு எழுந்தோம் என்று தோன்றும்.

வாழை, கறிவேப்பிலை, செம்பருத்தி என்று நாலைந்து இருந்தாலும் அந்த வீட்டுக்கு எசமானி கல்லை ஒட்டி நின்ற குண்டுமல்லிதான். வீடு கட்டி முடித்த ஆகஸ்டில் அக்கா தன் கையால் நட்ட செடி. நட்டுவிட்டுப் போனாள். வளர்த்தது நானும் வானமும்.

அந்தச் செடியின் வருடம் எனக்கு மனப்பாடம். மார்கழியிலும் தையிலும் உயிரோடு இருக்கிறதா என்றே தெரியாது. பனி விழுந்து இலை மங்கி, ஒரு தளிர் விடாமல் முறைத்துக்கொண்டு நிற்கும். மாசியில் ராத்திரிக் குளிர் விட்டதும் கணுவுக்குக் கணு முளை கிளம்பும். பங்குனி வெயில் முதுகில் உறைக்கத் தொடங்கினால் அரிசி அரிசியாக மொட்டு. சித்திரையில் கேட்கவே வேண்டாம். மனிதன் வாடுகிற வெயிலில்தான் மல்லி கொழுக்கும். கடல் காற்று பதினோரு மணிக்கே வந்துவிட்ட நாளில் செடி சிரிக்கும். மேல்காற்று மத்தியானம் வரை விடாமல் வீசினால் இலை ஓரம் அப்பளம் போலக் கருகும். எங்கள் பக்கம் கிணற்றுத் தண்ணீரில் லேசாக உப்பு. கோடை முற்ற முற்ற உப்பும் முற்றும். மாதக் கணக்கில் நான் ஊற்றும் மோட்டார் தண்ணீர், அரைமணி நேரக் கோடை மழைக்கு ஈடாகாது. மழை பெய்த மறுநாள் செடியைப் பார்த்தால் இத்தனை நாளும் நான் ஊற்றியது தண்ணீர்தானா என்று எனக்கே கோபம் வரும்.

ஆனியோடு ஆட்டம் அடங்கும். ஆடி, ஆவணியில் சாயங்கால மழை பிடித்துக்கொண்டால் மொட்டு சிவந்து, உள்ளே புழு வைத்து, விரியாமலே உதிரும். அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் அக்கா விமானம் ஏறுவாள்.

மல்லிகைக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பூத்தால் அதை யாருக்காவது கொடுத்தாக வேண்டும். வெண்டைக்காய் காய்த்தால் நானே பொரியல் செய்து தின்றுவிடலாம். காலையில் டிபன் டப்பா நிறையப் பறித்த மொட்டை வைத்துக்கொண்டு ஒண்டி ஆம்பிளை என்ன செய்வான்? மனைவி படத்துக்குப் போடுவேன். தினமும் போட்டுப் போட்டு அவள் முகமே தெரியாமல் போய், ஒரு நாள் எடுத்து ஒதுக்கி வைத்தேன். பிறகு மணிக்கூண்டு பக்கம் பூ கட்டி விற்கும் அம்மாவிடம் கொண்டுபோய்க் கொட்டினேன். "வீட்டுக்கு ஒரு மொழம் எடுத்துக்கினு போங்க" என்று முதல் நாள், கட்டி வைத்திருந்த சரத்தில் கொஞ்சம் கிள்ளி நீட்டினாள். "வீட்ல யாரும் இல்லம்மா" என்றேன். அதன் பிறகு அவள் நீட்டவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு மாடியில் நிற்கும்போது தெருவில் எவர் தலையிலிருந்தோ வாசனை ஏறி வரும். நான் ஊற்றிய தண்ணீர்தான் அது. ஆனாலும் எனக்குச் சம்பந்தமில்லாத வாசனை.

ஒரு ஆகஸ்டில் பேச்சு வேறு மாதிரி வந்தது. அக்கா மகன் சாப்பிட்டுக்கொண்டே, "மாமா, இந்த வீட்ட வித்துடலாம்னு இருக்கோம். யாரு வந்து இருக்கப் போறாங்க?" என்றான். அவனுக்கு நாற்பது வயது. நல்லவன். அவன் பிள்ளைகள் வந்ததும் போன்ழூர் சொல்லி என் இரண்டு கன்னத்திலும் முத்தம் வைக்கும். பிறகு கொசுவுக்குப் பயந்து போனைக் கட்டிக்கொண்டு உள்ளேயே கிடக்கும். அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல்.

அக்கா எழுந்தாள். கை கழுவிக்கொண்டு பின்பக்கம் வந்து மல்லியின் முன்னால் நின்றாள். செடியில் நான்கு சிவந்த மொட்டு இருந்தது. தொட்டதும் ஒன்று உதிர்ந்தது.

"இத நட்டது நானு. இது பூத்து ஒரு நாளும் நான் பாத்தது கெடயாதுடா தம்பி," என்றாள்.

"சித்திரைல வந்தா தெரியும்."

"சித்திரைல எப்பிடிடா வர்றது? அப்ப பசங்களுக்கு வக்கான்ஸ் இல்லியே." உதிர்ந்த மொட்டைக் கல்மேல் வைத்துவிட்டு, "பாக்கலாம். அடுத்த வருஷம் வந்து முடிவு பண்ணிக்கலாம்," என்றாள். வீட்டைச் சொன்னாள்.

அன்றைக்கு எனக்குப் படுக்கை கொள்ளவில்லை. வீடு போனால் என்ன, எனக்கென்ன அதில் பாத்தியதையா? இல்லை. ஆனால் வீடு போனால் அக்கா வரமாட்டாள். முத்தியால்பேட்டையில் அவளுக்கு வேறு என்ன இருக்கிறது? நான் இருக்கிறேன் என்பதெல்லாம் விமானச் செலவுக்குத் தாங்குகிற காரணமாக எனக்கே தோன்றவில்லை. அப்பா அம்மா போய், மனைவி போய், என்னை டா போட்டுக் கூப்பிட இந்த உலகத்தில் அவள் ஒருத்திதான் பாக்கி. அவளும் போன் குரலாகிவிட்டால் நான் என்ன செய்வேன் என்று நினைத்தேன். பயமாக இருந்தது. செடி மட்டும் ஒரு ஆகஸ்டில் கொத்துக் கொத்தாகப் பூத்து, இந்த வீடு எப்படி மணக்கும் என்பதை அவள் மூக்கு ஒரு தடவை பார்த்துவிட்டால் விற்க மனம் வராது என்று முடிவு கட்டினேன். சிரிக்காதீர்கள். தனியாக இருக்கிறவனுக்கு இப்படித்தான் யோசனை போகும்.

நான் ஷிப்ட் சூப்பர்வைசர் என்று சொன்னேன் அல்லவா? முப்பது வருடம் ஆட்களை இரவிலிருந்து பகலுக்கும் பகலிலிருந்து இரவுக்கும் மாற்றிப் போட்டவன். ஆகஸ்டில் சரக்குப் போக வேண்டும் என்றால் அதற்குத் தக்கபடி வேலையைத் திருப்பிப் போட வேண்டியதுதானே? செடிக்கும் ஷிப்ட் மாற்றலாம் என்று நினைத்தேன்.

முதல் வருடம் வைகாசிக் கடைசியில் செடியை மேலோட்டமாகக் கத்தரித்து, தண்ணீரை நிறுத்தினேன். இலை தொங்கி, பரிதாபமாக நின்றது. வாட விட்டுத் தண்ணீர் காட்டினால் மல்லி மொட்டாகக் கொட்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆடி பிறந்ததும் அடியைக் கொத்திவிட்டு, வாளி வாளியாக ஊற்றினேன். புளித்த மோர்கூட ஊற்றினேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஜூலைக் கடைசியில் இலை தெரியாமல் மொட்டு. நான் தெருவில் போகிற வருகிறவனிடமெல்லாம் அக்கா வருகிறாள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவர்கள் வருவதற்கு முன் வாரம் வானம் திறந்துகொண்டது. தினமும் சாயங்காலம் இடி, மின்னல், கொட்டு கொட்டென்று மழை. பகலில் புழுக்கம். மொட்டெல்லாம் ஊதா பாய்ந்து, ஒவ்வொரு காலையிலும் துவைக்கிற கல்மேல் உதிர்ந்து கிடந்தது. பழைய தார்ப்பாயைக் கட்டிப் பார்த்தேன். காற்று அதைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய்ப் போட்டது. பக்கத்து வீட்டுக்காரனோடு சண்டைதான் மிச்சம். அக்கா வந்து நின்றபோது செடி வழக்கமான ஆகஸ்ட் மூஞ்சியோடு நின்றது. அவளிடம் நான் எதுவும் சொல்லவில்லை. வீட்டைப் பற்றி அவளும் எதுவும் சொல்லவில்லை. "பாக்கலாம்" என்ற அதே வார்த்தையை வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த வருடம் விடக் கூடாது என்று இருந்தேன். போன தடவை எங்கே தப்பு என்று யோசித்து யோசித்து ஒன்று கண்டுபிடித்தேன். கோடை முழுக்கப் பூத்து ஓய்ந்த செடியிடம் போய் ஆகஸ்டில் மறுபடியும் பூ என்றால் அது எங்கே போகும்? இரண்டு ஷிப்ட் பார்த்தவனை மூன்றாவது ஷிப்டுக்கு நிறுத்திய மாதிரி. ஆக, கோடையில் அதற்கு வேலையே கொடுக்கக் கூடாது. பலத்தையெல்லாம் சேர்த்து வைக்கட்டும். மழையைச் சமாளிக்கக் கெட்டியாக ஒரு கொட்டகை போட்டுக்கொள்ளலாம்.

பங்குனியில் செடி அரிசி மொட்டு கட்டி, இன்னும் சில நாளில் வெடிக்கும் என்ற பக்குவத்தில் இருந்தது. நான் பெரிய கத்தரியை எடுத்துக்கொண்டு போய் முழங்கால் உயரத்துக்கு மொட்டையடித்தேன். ஒரு இலை மிச்சமில்லை. வெறும் குச்சி. வெட்டிப் போட்ட கிளைகளின்மேல் மொட்டுகள் மத்தியானத்துக்குள் வதங்கின. மணிக்கூண்டு பக்கம் போனபோது பூக்கட்டும் அம்மா, "இன்னும் மொட்டு வர்லியா?" என்று கேட்டாள். வெட்டிவிட்டேன் என்றேன். "பூக்கற நேரத்துல எவனாச்சும் வெட்டுவானா?" என்றாள். உன் வேலையைப் பார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. காலையில் துவைக்கிற கல்மேல் உட்கார்ந்திருக்கும்போது போன் அடித்தது.

"தம்பி, நான் மெட்ராஸ் ஏர்போர்ட்ல இருக்கேன்டா. கார் ஏறிட்டேன்."

"எந்த மெட்ராஸ்?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"எத்தினி மெட்ராஸ்டா இருக்குது? தனியாத்தான் வர்றேன். பசங்க யாரும் வர்ல. நீதான் சித்திரைல வந்தா தெரியும், சித்திரைல வந்தா தெரியும்னு சொன்னியே. வயசாயிடுச்சு. ஒரு வாட்டி பூத்துப் பாத்துடணும்னு தோணுச்சு, டிக்கெட்ட வாங்கிட்டேன்."

போனை வைத்துவிட்டு எதிரே பார்த்தேன். குச்சிகள் நின்றன.

மத்தியானம் அக்கா வந்தாள். பெட்டியை நடையிலேயே போட்டுவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே பின்பக்கம் போனாள். நான் பின்னாலேயே போகாமல் பம்பு ரூமுக்குள் நின்றுகொண்டேன். எழுபது வயதைக் கடந்தவள். இருபது மணி நேரம் பயணம் செய்து, மார்பில் கைப்பையை அணைத்துக்கொண்டு, மொட்டைக் குச்சிக்கு எதிரே நிற்கிறாள்.

"இன்னாடா இது? செத்துப் போச்சா?"

"இல்லக்கா. வெட்டிட்டேன்."

"எப்ப?"

"போன வாரம்."

ஏன் என்று கேட்டாள். சொன்னேன். ஆகஸ்டில் பூக்க வைக்க என்று சொன்னேன். யாருக்காக என்று கேட்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள், அழுவாள் என்று காத்திருந்தேன். அவள் சிரிக்கத் தொடங்கினாள். கல்லைப் பிடித்துக்கொண்டு, இருமல் வரும்வரை சிரித்தாள். "சனியன் புடிச்சவனே, முப்பது வருஷமா ஒழுங்கா பூத்த செடி, நான் வர்ற வருஷம் பாத்து மொட்டையடிச்சியா?" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் மூன்று வாரம் இருந்தாள். வழக்கமான ஆகஸ்டுகளில் அக்காவை நான் பார்ப்பதே காரில் ஏறும்போதும் இறங்கும்போதும்தான். பீச்சுக்கு, துணிக்கடைக்கு, மாமா சொந்தக்காரர்களைப் பார்க்கத் தவளக்குப்பத்துக்கு என்று பிள்ளைகளோடு பறந்துகொண்டே இருப்பாள். இந்தத் தடவை பறக்க யாரும் இல்லை. வெயிலில் வெளியே போகவும் முடியவில்லை. காலையில் நான் போனால் காபி போட்டு வைத்திருப்பாள். நான் கல்லிலும் அவள் கவிழ்த்த பிளாஸ்டிக் வாளியிலுமாக உட்கார்ந்து குச்சிகளைப் பார்ப்போம். பார்க்க அதில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததால்தான் பேசினோம்.

"அன்னிக்கு இன்னாடா ஆச்சு?" என்று ஒரு காலையில் கேட்டாள். என் மனைவி போன நாளைக் கேட்டாள். "போன்ல சொன்ன. அப்பறம் நான் வந்தப்ப வீடு பூரா ஆளு. ஒக்காந்து கேக்கவே இல்ல."

சொன்னேன். காலையில் மூச்சு முட்டுகிறது என்றதையும், நான் வாயுப் பிடிப்பு என்று சொல்லிப் பெருங்காயம் கரைத்துக் கொடுத்ததையும், ஆட்டோவில் அவள் என் கையைப் பிடித்த பிடியையும் சொன்னேன். யாரிடமும் சொன்னதில்லை. அக்கா வாளியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பதினோரு மணிக் கடல் காற்று வந்து வாழை இலை ஆடியது. எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

அந்தச் சமயத்தில் ஒரு நாள் மேற்கே கறுத்துக்கொண்டு வந்து, நல்ல கோடை மழை ஒன்று அடித்தது. நான் தடுக்கத் தடுக்க அக்கா வாசல்படியில் போய் நனைந்தாள். மறுநாள் காலை குச்சிகளில் கணுவுக்குக் கணு பச்சைப் புள்ளி. "டேய், டேய்" என்று கத்தினாள், கடலில் திமிங்கிலத்தைப் பார்த்தவள் போல. அதன் பிறகு வெயிலும் ஈரமும் சேர்ந்து செடியைப் பிடித்து இழுத்தன. காலையில் பார்த்த முளை சாயங்காலம் நீண்டிருந்தது. மொட்டையடித்த செடி இப்படி வேகமாகத் துளிர்த்து நானே பார்த்ததில்லை. அக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு நுனியாகக் குனிந்து குனிந்து மொட்டு தேடினாள். வெற்றி எனக்குத்தான் என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டேன். இவள் இனி எங்கே விற்கப் போகிறாள்?

கடைசி வாரம் ஒரு காலையில் நான் போனபோது காபி இல்லை. அக்கா குளித்து, நல்ல புடவை கட்டி நடையில் உட்கார்ந்திருந்தாள்.

"ரிஜிஸ்டர் ஆபீஸ் வரைக்கும் என்கூட வரணும்டா. ரெண்டு சாட்சி வேணுமாம்."

எதற்கு என்று கேட்கவில்லை. புரிந்துவிட்டது. "பூவப் பாக்க வந்தேன்னு சொன்ன" என்றேன். குரல் எனக்கே பிடிக்காத மாதிரி உயர்ந்தது.

"பூவப் பாக்கத்தான் வந்தேன். கையெழுத்துக்குப் பையனே ஆகஸ்ட்ல வந்து போட்டுடலாம்னான். அதுக்கு முன்னாடி ஒரு வாட்டி பாத்துடறேன், நானே போட்டுட்டு வர்றேன்னு சொல்லிட்டு வந்தேன். எல்லாம் போன வருஷமே பேசி முடிச்சிட்டாங்கடா. உனக்கு எப்பிடிச் சொல்றதுன்னு தெரியல. தெனம் காலைல சொல்லிடணும்னு காபி போடுவேன். நீ வந்து ஒக்காந்து அந்தக் குச்சியப் பாப்ப. வாய் வராது."

கத்தினேன். என்னவெல்லாம் கத்தினேன் என்பதை எழுத எனக்கு இஷ்டமில்லை. அவள் தடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு ஆட்டோ பிடித்து இருவரும் போனோம். சாட்சிக் கையெழுத்து நான்தான் போட்டேன். வாங்குகிறவர் மரியாதையான ஆள். இடித்துவிட்டு மாடி வைத்துக் கட்டப் போவதாகவும், அதுவரை ஒரு மாதம் சாவி என்னிடமே இருக்கட்டும் என்றும் சொன்னார். என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, அழகாக இருக்கிறது சார் என்றார்.

அக்கா புறப்பட்ட நாளில் செடி முழுக்க மொட்டுதான், ஆனால் எல்லாம் பச்சை அரிசி. ஒன்றே ஒன்று, சுவர் ஓரமாக அனல் அதிகம் பட்ட கிளையில், வெளுத்துப் பருத்து, இன்று சாயங்காலம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. கார் மத்தியானம் வந்துவிட்டது. அந்த ஒரு மொட்டைக் கிள்ளி அவளிடம் கொடுத்தேன். எங்கே வைப்பது என்று தேடி, மூக்குக் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து அதற்குள் வைத்துக்கொண்டாள். ஏர்போர்ட் வரை வருகிறேன் என்றேன்.

"வேணாம். போறப்ப ரெண்டு பேரு, வர்றப்ப நீ ஒண்டியா வரணும். வேணாம்டா," என்றாள்.

கார் போன பிறகு வீட்டைப் பூட்டி, மறுபடி திறந்து, மறுபடி பூட்டினேன். மாடிக்கு வந்து விளக்குக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். ஏழு மணி வாக்கில் போன் அடித்தது. பின்னால் அறிவிப்புச் சத்தமும் பெட்டிகள் உருளும் சத்தமும் கேட்டன.

"தம்பி, டிக்கெட்டப் படிக்கக் கண்ணாடிப் பெட்டியத் தெறந்தேன்டா. வெடிச்சிருக்குது. நல்லா, பெரிய பூவா. இங்க ஜில்லுன்னு ஏசி. இந்தக் குளிர்லயும் வெடிச்சிருக்குது பாரு."

"ஆமாக்கா. அதுக்கு ஆறு மணின்னா ஆறு மணிதான்."

"பக்கத்துல ஒரு பொம்பள திரும்பித் திரும்பிப் பாக்கறா. அப்பிடி மணக்குது." அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

நாற்பது வருடத்தில் ஒரு தடவைகூட நான் கேட்டிராத கேள்வியை அப்போது கேட்டேன். ஆகஸ்ட் என்று ஒன்று இருந்ததால் கேட்க வேண்டியிருந்ததில்லை. "மறுபடி எப்பக்கா வருவ?"

"அந்தச் செடியப் பேத்து எடுத்துக்கினு போயி உன் மாடில வை. அது பூக்கறப்ப வர்றேன். கண்ட நேரத்துல வெட்டித் தொலைக்காத," என்றாள்.

அவள் போன மறுநாளிலிருந்து செடி பூத்த பூப்பு இருக்கிறதே, அதைச் சொல்லி என்ன ஆகப் போகிறது? சாவியைக் கொடுக்கும்வரை டப்பா டப்பாவாகப் பறித்து மணிக்கூண்டுக்குக் கொண்டுபோனேன். கடைசி நாளில் ஆள் வைத்து வேரோடு மண்ணோடு பெயர்த்து, பாதியாக அறுத்த நீல டிரம்மில் வைத்து மாடிக்கு ஏற்றினேன். வைகாசி வெயிலில் செடியைப் பெயர்ப்பவன் முட்டாள். எனக்குத் தெரியும். இடிக்க வருகிறவனுக்குப் பருவம் ஏது? ஒரே வாரத்தில் இலையெல்லாம் கொட்டியது. மொட்டை மாடிச் சூட்டில், உப்புக் காற்றில், மாதக் கணக்கில் வெறும் விறகாக நின்றது. குழாய்த் தண்ணீரைக் குறை வைக்காமல் ஊற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. ஆகஸ்ட் வந்தது, போனது. அந்த ஆகஸ்டில் யாரும் வரவில்லை. அக்கா போனில் செடி எப்படி இருக்கிறது என்று கேட்கும்போதெல்லாம் இருக்கிறது என்று மட்டும் சொல்வேன்.

ஐப்பசியில் மழை பிடித்தது. நான்காவது நாள் காலையில் குடையோடு மொட்டை மாடிக்குப் போனபோது விறகின் அடியில் ஒரு பச்சைப் புள்ளி. குனிந்து பார்த்தேன். கூப்பிட்டுக் காட்ட வீட்டில் யாரும் இல்லை. புயல் எச்சரிக்கை வந்தபோது டிரம்மைக் கைப்பிடிச் சுவரோடு கயிறு போட்டுக் கட்டிவிட்டு, ராத்திரியெல்லாம் அது உருளும் சத்தம் வருகிறதா என்று காது வைத்துக் கிடந்தேன். தாக்குப்பிடித்தது.

இப்போது கார்த்திகை. செடி இடுப்புயரம் வந்திருக்கிறது. இது வெட்டுகிற மாதம். இந்தத் தடவை யாருடைய விடுமுறையையும் பார்க்காமல், செடியின் கணக்குப்படி கத்தரித்தேன். இனிப் பனி வரும். இரண்டு மாதம் செத்த மாதிரிதான் நிற்கும். அக்கா இன்னும் டிக்கெட் வாங்கவில்லை. முட்டி இரண்டும் வீங்கியிருக்கிறதாம். தனியாக அனுப்ப மாட்டேன் என்கிறானாம் மகன். வருவாளா என்று எனக்குத் தெரியாது. ராத்திரியில் யோசித்தால் வரமாட்டாள் என்றுதான் தோன்றுகிறது.

நேற்று மணிக்கூண்டு பக்கம் போனேன். பூக்கட்டும் அம்மா நூலைப் பல்லில் கடித்துக்கொண்டே, "செடி பொழச்சிக்கிச்சாமே. பங்குனில எப்பவும்போல எங்கிட்ட மொட்டு குடுத்துடுங்க" என்றாள்.

"குடுக்க முடியாதும்மா," என்றேன். "இந்த வருஷம் வீட்டுக்கு வேணும். ஆள் வருது."